டைகர் சாலைகளில் ‘சரிபார்க்கவில்லை’ டேக்கை எப்போது எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம்) அமெரிக்காவைத் திறந்தால் சாலைக்குச் சாலை ‘டைகர்:ரிவியூடு = நோ’ (டைகர் தரவு, சரிபார்க்கவில்லை) என்று ஒரு டேக், அதாவது விவரக் குறி, இருக்கிறது, அது என்ன, மதுரையில் உட்கார்ந்தபடியே அதையெல்லாம் சரிபார்க்க முடியுமா, செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப்போகிற சாலைகளிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன கெட்டுவிடும்?

மொத்தமாக எடுக்காதீர்கள். மற்றபடி மதுரையிலிருந்து செய்யக்கூடிய வேலை நிறையவே இருக்கிறது, செய்ய முடியாததும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, இந்தச் சாலைகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது அவசியம்.

ஓஎஸ்எம் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அங்கேயும் ஜெர்மனியிலும் ஆட்கள் கையில் ஜிபிஎஸ் கருவியோடு சைக்கிளிலும் நடந்தும் தெருத்தெருவாகப் போய் வரைந்தார்கள். அமெரிக்காவில் அப்போது அத்தனை பேர் சேரவில்லை, நாடோ ரொம்பப் பெரியது. ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு: மத்திய அரசு தயாரிக்கிற தரவுக்குப் பதிப்புரிமை கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் என்ற சாலைத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் 2005ஆம் ஆண்டுப் பதிப்பை 2007, 2008இல் கவுன்ட்டி கவுன்ட்டியாக (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) நிரல் வைத்து ஏற்றினார்கள். வெற்றிடமாகக் கிடந்த நாடு முழுக்கச் சாலையாகிவிட்டது. தரவில் பிழை இருக்கும் என்று ஏற்றியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ‘இதை இன்னும் ஒரு மனிதர் பார்க்கவில்லை’ என்று சொல்லும் இந்த டேக்கையும் சேர்த்தே ஏற்றினார்கள்.

பிழை எப்படி வந்தது? டைகர் உருவானது 1990 கணக்கெடுப்புக்காக. பெரிய நகரங்களுக்குத் துறையிடம் ஏற்கெனவே கோப்புகள் இருந்தன. மற்ற இடங்களுக்கு யுஎஸ்ஜிஎஸ் என்ற அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 1:1,00,000 அளவு வரைபடங்களிலிருந்து எடுத்தார்கள். அந்த அளவில் தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். கோடு அரை மில்லிமீட்டர் பிசகினால் சாலை 50 மீட்டர் தள்ளிப் போய் ஓடைக்குள் விழும். கணக்கெடுப்புக்கு அது பெரிய குறை இல்லை. எந்த வீடு சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தச் சந்திப்புக்கு அடுத்து எந்தச் சந்திப்பு வருகிறது, இது சரியாக இருந்தால் கணக்கெடுப்பவர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். வண்டிக்கு வழிகாட்டவோ அவசர ஊர்தியை அனுப்பவோ அந்தத் தரவு உண்டாக்கப்படவில்லை.

பிறகு 2010 கணக்கெடுப்புக்குள் எல்லாக் கவுன்ட்டிகளின் கோடுகளையும் சரியான இடத்துக்கு நகர்த்தும் வேலையைத் துறையே எடுத்துச் செய்தது. நாம் ஏற்றிய 2005 பதிப்பு அந்த வேலையின் நடுவில் வெளிவந்தது. இதனால்தான் ஒரு கவுன்ட்டியில் சாலைகள் படத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன, எல்லையைத் தாண்டினால் கோணல்மாணலாகக் காட்டுக்குள் ஓடுகின்றன. ‘நான் பார்த்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது’ என்று யாராவது சொன்னால் அவர் எந்தக் கவுன்ட்டியைப் பார்த்தார் என்று கேட்க வேண்டும்.

கோடு தள்ளியிருப்பது கண்ணுக்குத் தெரிகிற பிழை, யாரும் பிடித்துவிடலாம். எனக்குக் கவலை தருவது சரியாக உட்கார்ந்திருக்கும் கோடுகளின் பிழைகள்தான்.

முதலாவது, சாலையின் வகை. டைகரில் ஒவ்வொரு சாலைக்கும் சிஎஃப்சிசி என்று ஒரு குறியீடு உண்டு. அதில் ஏ41 என்றால் உள்ளூர்ச் சாலை, அதற்குள்ளேயே நகரத் தெரு, புறநகர்க் குடியிருப்பு, கிராமத்து மண் சாலை எல்லாம் அடக்கம். ஏற்றும்போது ஏ41 அத்தனையும் ஓஎஸ்எம்மில் ‘ரெசிடென்ஷியல்’ ஆகிவிட்டது. சிகாகோவின் தெருவுக்கு அது பொருந்தும். நெவாடா பாலைவனத்தில் ஜீப் மட்டும் போகிற தடத்துக்கும், மான்டானாவில் மரம் வெட்டுபவர்கள் போட்டு இப்போது செடி மூடிப்போன பாதைக்கும், பண்ணைக் கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை போகிற தனியார் வழிக்கும் அதே ‘ரெசிடென்ஷியல்’ என்றால்? வழி கண்டுபிடிக்கிற செயலி அதை நம்பி, ‘இது குடியிருப்புத் தெரு, கார் தாராளமாகப் போகும்’ என்று முடிவெடுத்துவிடுகிறது.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் ஜிபிஎஸ் காட்டிய வழியில் போன ஒரு தாயின் வண்டி மணலில் புதைந்து, அவருடைய சின்ன வயது மகன் வெயிலில் இறந்துபோனான். அந்தக் கருவியில் இருந்தது ஓஎஸ்எம் இல்லை, வேறு வரைபடம். ஆனால் வெகு காலமாக யாரும் போகாத தடங்கள் டிஜிட்டல் வரைபடங்களில் சாலையாகவே இருந்துவருவதை அங்குள்ள பூங்கா ரேஞ்சர்கள் கவனித்து, அவற்றை நீக்கச் சொல்லி நிறுவனங்களிடம் கேட்க வேண்டியிருந்தது. நம் வரைபடத்தில் நிறுவனம் என்று யாரும் கிடையாது, பார்த்துத் திருத்த நாம்தான் இருக்கிறோம்.

இரண்டாவது, சந்திப்புகள். நெடுஞ்சாலை மேலே பாலத்தில் போகும், ஊர்ச் சாலை அதற்கு அடியில் போகும். இப்படிப்பட்ட இடங்களில் இறக்குமதித் தரவு பல சமயம் இரண்டையும் ஒரே புள்ளியில் சேர்த்து வைத்திருக்கிறது. படத்தில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, கோடும் கோடும் குறுக்கே போகின்றன, அவ்வளவுதான். ஆனால் செயலிக்கு அது ஒரு நாற்சந்தி. பாலத்தின் நடுவில் ‘வலப்பக்கம் திரும்பு’ என்று சொல்லும். சரிசெய்வது எளிது: அந்தப் புள்ளியில் இரண்டையும் பிரியுங்கள் (ஓஎஸ்எம்மைத் திருத்தும் மென்பொருள்களான ஐடி எடிட்டரில் D விசை, ஜோசமில் G விசை), மேலே போகிற துண்டை வெட்டி அதற்குப் பாலம் என்றும் லேயர் 1 (ஒரு அடுக்கு மேலே) என்றும் போடுங்கள். இதற்கு நேர் எதிரான பிழை கவுன்ட்டி எல்லைகளில் வரும். தனித்தனியாக ஏற்றியதால் ஒரே சாலையின் இரண்டு பாதிகளும் எல்லையில் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், ஆனால் இணைந்திருக்காது. செயலி அந்த இடத்தில் சாலை முடிந்துவிட்டதாக நினைத்து ஊரைச் சுற்றி அனுப்பும். பெரிய சாலைகளில் இவற்றை எப்போதோ திருத்திவிட்டார்கள், கிராமப்புறத்தில் இன்னும் கிடைக்கும்.

மூன்றாவது, இல்லாத தெருக்கள். மனை போட்டு விற்க அனுமதி வாங்கி, வரைபடமும் பதிவாகி, கடைசிவரை போடாமலே விட்ட தெருக்கள் அரசுத் தரவில் இருக்கும். நம் ஊர் லே-அவுட் வரைபடங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பெயர்களும் அப்படித்தான். 911 அவசர எண்ணுக்கு முகவரி தெளிவாக வேண்டும் என்று கிராமப்புறக் கவுன்ட்டிகள் பல தங்கள் சாலைகளுக்குப் புதுப் பெயரும் எண்ணும் வைத்தன. 2005 தரவில் பழைய பெயரே இருக்கலாம்.

ஒரு சாலையை எடுத்துப் பார்ப்போம். மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி பக்கம் மலைகளுக்கு நடுவே ஓடையை ஒட்டி மேலேறும் ஒற்றைச் சாலைகள் ஏராளம், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதியில் அது 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கோடு, ஒரே பெயர், ரெசிடென்ஷியல், ரிவியூடு நோ. பின்னால் செயற்கைக்கோள் படத்தைப் போட்டால் கோடு ஓடையை நாலைந்து முறை தாண்டுகிறது, உண்மைச் சாலை தாண்டுவதே இல்லை, இடது கரையிலேயே போகிறது. முதலில் கோட்டைக் கரைக்கு நகர்த்துகிறீர்கள். அப்புறம் சாலையோடு மெதுவாக மேலே போய்ப் பாருங்கள். முதல் ஒரு கிலோமீட்டருக்கு இரு பக்கமும் வீடுகள், வாசலில் வண்டிகள், சாலை வெளிர் சாம்பல் நிறம், அதாவது சரளை. இந்தத் துண்டுக்கு ரெசிடென்ஷியல் பொருந்தும், சர்ஃபேஸ் என்ற டேக்கில் சரளை என்று சேர்க்கலாம். அதற்கு மேலே சாலை குறுகி, ஒரே ஒரு வீட்டு முற்றத்தில் போய் முடிகிற கிளை ஒன்று பிரிகிறது, அது டிரைவ்வே. நேராகப் போவது புல்லுக்கு நடுவே இரண்டு சக்கரத் தடமாக மாறுகிறது, அது டிராக். இன்னும் மேலே போனால் மரங்கள் மூடிவிடுகின்றன, ஒன்றும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். தெரியவில்லை என்பதால் மிச்சத்தை அழித்துவிடுகிறார்கள், அல்லது தொடக்கம் சரி என்பதால் முழுக் கோட்டுக்கும் டேக்கை எடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே கூடாது. கோட்டை மூன்று நாலு துண்டாக வெட்டுங்கள், பார்த்த துண்டுக்குப் பார்த்ததை எழுதுங்கள், பார்க்காத துண்டை அப்படியே விடுங்கள். மரத்தடியில் இருப்பதைப் பார்க்க வேறு வழிகளும் உண்டு: இலை உதிர்ந்த குளிர்காலத்தில் எடுத்த படம் ஏதாவது ஒரு லேயரில் இருக்கும், லைடார் என்ற லேசர் அளவையிலிருந்து செய்த நிலமேடு நிழல்படம் கிடைக்கிற இடங்களில் மலைச்சரிவில் சாலை வெட்டிய படி மரத்துக்குக் கீழேயும் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், அந்தப் படி தெரிந்தால் ஒரு காலத்தில் சாலை போட்டார்கள் என்பது உறுதி, இன்று வண்டி போகுமா என்பது உறுதியில்லை. அதை டிராக் என்று வைத்து, டேக்கை எடுக்காமல் விடுவதே நேர்மை.

ஏனென்றால் அந்த டேக்கை எடுப்பது ஒரு சாட்சிக் கையெழுத்து. ‘இந்தச் சாலை இங்கே இருக்கிறது, இந்த வகை, இப்படி இணைகிறது, இதுதான் பெயர், நான் பார்த்தேன்’ என்று உங்கள் கணக்குப் பெயரில் பதிவாகிறது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் அந்தச் சாலையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்னும் பார்க்க வேண்டியது எது என்று பட்டியல் எடுக்கிற கருவிகளும் அதை விட்டுவிடும். பிழையும் இருந்து, டேக்கும் போய்விட்டால், அந்தப் பிழைக்கு ஒளிந்துகொள்ள நாமே இடம் கொடுத்த மாதிரி. மொத்தமாக எடுக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இது. போதாததற்கு, யாரிடமும் பேசாமல் ஆயிரக்கணக்கான பொருள்களில் ஒரே மாற்றத்தைச் செய்வது ஓஎஸ்எம்மின் தானியங்கி எடிட் நெறிமுறைக்கு எதிரானது, யாராவது அதைத் திருப்பிப் போட்டுவிடலாம், உங்கள் நேரமும் வீண்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. டேக் இருப்பதால் மட்டும் அந்தச் சாலையை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தமாகாது. எத்தனையோ பேர் கோட்டைத் திருத்தி, பெயரைத் திருத்தி, டேக்கை மட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு சாலையை வெட்டினால் இரண்டு துண்டிலும் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே திருத்த ஆரம்பிக்கும் முன் அந்தச் சாலையின் திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். பதிப்பு 1, ஏற்றிய கணக்கின் பெயர் மட்டுமே இருக்கிறது, புள்ளிகளும் நகரவில்லை என்றால் அது உண்மையிலேயே கன்னி நிலம். பதிப்பு 9, நடுவில் இரண்டு மூன்று உள்ளூர் மேப்பர்கள் கை வைத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் தரையில் பார்த்து எழுதியதை மதுரையிலிருந்து படத்தைப் பார்த்து மாற்றுவதற்கு முன் ரொம்ப யோசிக்க வேண்டும். டைகர்:டிஎல்ஐடி, டைகர்:அப்லோடு_யூயூஐடி மாதிரி மற்ற டேக்குகளைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், பயனில்லாதவை, எடிட்டரே சத்தமில்லாமல் நீக்கிவிடும்.

பெயரைச் சரிபார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. எடிட்டரில் டைகரின் புதிய பதிப்பையும் மேல் லேயராகப் போட்டுப் பார்க்கலாம், நல்ல வசதி. நம் சாலையில் இருக்கும் பெயரும் அதில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்ததும் ‘சரி, உறுதியாகிவிட்டது’ என்று நினைக்கத் தோன்றும். உறுதியாகவில்லை. இரண்டும் ஒரே துறையின் ஒரே தரவு, ஒரே ஆள் இரண்டு முறை சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடாது. இரண்டும் வேறுபட்டால்தான் அந்த லேயரால் லாபம், ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிகிறது. உறுதிப்படுத்த மேப்பில்லரியில் யாராவது போட்ட தெருப்படத்தில் பெயர்ப்பலகை தெரிகிறதா பாருங்கள், அல்லது கவுன்ட்டி நிர்வாகம் திறந்த உரிமத்தில் வெளியிட்ட முகவரித் தரவு இருக்கிறதா பாருங்கள். கூகுள் மேப்ஸையும் அதன் ஸ்ட்ரீட் வியூவையும் பார்த்து எழுதக் கூடாது, உரிமம் இடம் கொடுக்காது. ‘சும்மா ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன்’ என்பதும் வேண்டாம்.

இது அமெரிக்காவுக்கு மட்டுமான கதையும் இல்லை. பிரிட்டனில் 2009 வாக்கில் நாப்டான் என்ற அரசுப் பேருந்து நிறுத்தத் தரவை ஏற்றியபோது ‘நாப்டான்:வெரிஃபைடு = நோ’ என்று இதே ஏற்பாட்டைச் செய்தார்கள். ஆனால் முறை வேறு. நாடு முழுக்க ஒரேயடியாகக் கொட்டவில்லை, உள்ளூர் மேப்பர்கள் கேட்ட பகுதிகளுக்கு ஏற்றினார்கள். அந்தத் தரவில் வழக்கமாகப் பேருந்து நிற்கும், ஆனால் கம்பமோ பலகையோ எதுவுமில்லாத நிறுத்தங்களும் உண்டு. அவற்றைச் சாதாரண நிறுத்தமாகக் காட்டாமல் தனியாக வைத்தார்கள், ஒருவர் போய் நின்று பார்த்து முடிவெடுக்கட்டும் என்று. என் கருத்தில் இறக்குமதி செய்தால் இப்படித்தான் செய்ய வேண்டும், சரிபார்க்க ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே மட்டும் தரவு போக வேண்டும். டைகருக்கு அது நடக்கவில்லை. அதற்காக ஏற்றியவர்களைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அன்று அந்த நாட்டில் வெள்ளைத்தாளை எடுத்து வரைய ஆரம்பிக்க ஆளே இல்லை. ஆனால் விளைவு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை முடியவில்லை.

நம் நாட்டிலும் ஒரு சிறு துண்டு உண்டு. 2007இல் ஏஎன்டி என்ற டச்சு வரைபட நிறுவனம் நெதர்லாந்தின் முழுச் சாலைத் தரவையும் ஓஎஸ்எம்முக்குக் கொடுத்தபோது, கூடவே இந்தியா, சீனாவின் முக்கியச் சாலைகளையும் கொடுத்தது. இந்தியாவில் பழைய பொருள்களில் ‘ஏஎன்டி’ என்று தொடங்கும் டேக்குகளைப் பார்த்திருந்தால் அவை அங்கிருந்து வந்தவை. அதில் ‘சரிபார்க்கவில்லை’ என்று தனிக் குறி இல்லாததால் எது பார்த்தது, எது பார்க்காதது என்று வரலாற்றைத் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வகையில் டைகர் டேக் எவ்வளவோ மேல்.

இப்போது மதுரை விஷயத்துக்கு வருவோம். தூரத்திலிருந்து தாராளமாகச் செய்யலாம்: கோட்டை இடத்துக்கு நகர்த்துவது, பாலங்களில் பிரிப்பது, எல்லையில் இணைப்பது, டிரைவ்வேயை டிரைவ்வே ஆக்குவது, தடத்தை டிராக் ஆக்குவது. நகர்த்தும் முன் படமே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள், மலைப்பகுதியில் படமும் சில மீட்டர் சாயும், ஏற்கெனவே ஏற்றியிருக்கும் ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மேப்ரூலெட் என்ற தளத்தில் இந்த வேலையைச் சிறுசிறு பணிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஆரம்பிக்கிறவர்களுக்கு அது நல்ல இடம். ஒரு கவுன்ட்டியைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். பத்து இடத்தில் பத்துச் சாலை பார்ப்பதைவிட ஒரே இடத்தில் பார்த்தால் அந்த ஊரின் சரளை எப்படி இருக்கும், டிரைவ்வே எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும்.

தூரத்திலிருந்து செய்யக் கூடாதது: பெயரை ஊகிப்பது, ‘தனியார்’ என்று போடுவது, சாலையை அழிப்பது. கேட் தெரிந்தால் கேட்டை மட்டும் வரையுங்கள். அது பூட்டியிருக்கிறதா, மாடு போகாமலிருக்கச் சாத்தியதா என்று மேலிருந்து தெரியாது. கட்டவே கட்டாத மனைத் தெரு, அந்த இடத்தில் பெரிய சோளக்காடு, பல ஆண்டுப் படங்களிலும் அப்படித்தான் என்றால் அழிக்கலாம், அதுகூட அந்தப் பகுதியில் யாராவது தொடர்ந்து எடிட் செய்கிறார்களா என்று பார்த்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. பெரும்பாலும் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள், அந்த வழியாகப் போகும்போது பார்த்துவிட்டு வந்தும் சொல்வார்கள்.

டேக்கை எடுப்பதற்கு என் அளவுகோல் இது: இடம், வகை, இணைப்பு, பெயர் நாலும் உறுதியானால் எடுப்பேன். முதல் மூன்றும் சரி, பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் மூன்றையும் திருத்திவிட்டு டேக்கை விட்டுவிடுவேன். சிலர் மூன்று போதும் என்பார்கள், அந்தப் பகுதி மேப்பர்கள் அப்படி ஒத்துக்கொண்டிருந்தால் அதன்படி நடங்கள். எதுவானாலும் திருத்தங்களைச் சேமிக்கும்போது எழுதும் சேஞ்ச்செட் குறிப்பில் ‘டைகர் சரிபார்ப்பு’ என்று ஒற்றை வரியோடு நிறுத்தாமல், ‘படத்தைப் பார்த்து இடமும் வகையும் திருத்தினேன், பெயரையும் வாசல் கேட்டையும் நேரில் பார்க்க வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். அந்தக் கவுன்ட்டியில் அடுத்து எடிட் செய்யப்போகிறவர் அந்த ஊர்க்காரர், போய்ப் பார்க்க வேண்டியது எது என்று அவருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும்.